கைப்பழக்கமும் அதிகாரமும்: செவிலியம், பேறுகாலப் பணி, இயன்முறை மருத்துவம் ஆகியவற்றில் பயிற்சி

செவிலியம், பேறுகாலப் பணி, இயன்முறை மருத்துவம் மூன்றும் கையால் செய்யும் தொழில்கள். படித்துத் தேர்வெழுதித்தான் மூன்றுக்குள்ளும் நுழைய முடியும். ஆனால் நோயாளிக்குப் போய்ச் சேர்வது கை செய்கிற வேலை. குழந்தையின் தலை வெளிவரும்போது தாயின் சதை கிழியாமல் தாங்கிப் பிடிப்பது, ரத்த அழுத்தம் விழுந்துகொண்டிருப்பவரின் கையில் ரத்தக்குழாயைத் தேடி ஊசி ஏற்றுவது, பக்கவாதம் வந்தவரைக் கட்டில் விளிம்பில் உட்காரவைத்து மெல்ல எழுப்பி நிறுத்துவது ஆகிய எதையும் விடைத்தாளில் காட்ட முடியாது. வகுப்பறையில் கற்றது படுக்கையருகே ஏன் வருவதில்லை, எப்படி வரவைப்பது என்பதே இந்த மூன்று தொழில்களின் பயிற்சியிலும் மையமான சிக்கல். கடந்த இருபது ஆண்டுகளில் இந்த இடைவெளியைப் பல நாடுகளில் முறையாக அளந்து பார்த்திருக்கிறார்கள். கிடைத்த முடிவுகளில் சில, பயிற்சி முகாம்கள் நடத்துகிறவர்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காதவை.

பயிற்சியால் தீங்கும் வரலாம் என்பதை மருத்துவ உலகம் வெகு முன்பே பார்த்துவிட்டது. 1840களில் வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவப் பிரிவுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவ மாணவர்கள் பயின்றார்கள், மற்றதில் மருத்துவச்சிகள். மாணவர்களின் பிரிவில் பிரசவக் காய்ச்சலால் சுமார் 10 விழுக்காட்டுத் தாய்மார்கள் இறந்தார்கள். மருத்துவச்சிகளின் பிரிவில் அது 4 விழுக்காட்டுக்கும் குறைவு. பிணவறையில் உடல்களை அறுத்துப் பார்த்துவிட்டு அதே கையோடு பிரசவ அறைக்குள் வந்தவர்கள் மாணவர்கள்தான். மருத்துவச்சிகளுக்குப் பிணவறையில் வேலை இல்லை. 1847இல் அங்கே பணியாற்றிய மருத்துவர் இக்னாஸ் செம்மல்வைஸ், குளோரின் கலந்த நீரில் கை கழுவிய பிறகே உள்ளே வர வேண்டும் என்று விதித்தார். சில வாரங்களிலேயே சாவு மளமளவென்று குறைந்தது. கூடுதலாகப் படித்தவர்களின் கை கூடுதல் ஆபத்தாக இருந்தது என்ற இந்தச் செய்தியை அன்றைய மருத்துவர்கள் ஏற்கவில்லை. தம் கையே கொன்றிருக்கிறது என்று ஒப்புக்கொள்வது யாருக்கும் எளிதல்ல.

புளோரன்ஸ் நைட்டிங்கேலின் பெயரோடு எல்லோரும் சேர்த்துச் சொல்வது 1860இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் தொடங்கிய செவிலியர் பள்ளியை. அவர் ஆதரவில் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் கிராம மருத்துவச்சிகளுக்கென ஒரு பயிற்சிப் பிரிவும் நடந்தது. பிரசவக் காய்ச்சல் பரவியதால் 1867இல் அது மூடப்பட்டது. நைட்டிங்கேல் அதை மூடி மறைக்கவில்லை. வீட்டுப் பிரசவங்களிலும் பிரசவ விடுதிகளிலும் நேர்ந்த மரணங்களின் கணக்கைத் திரட்டி ஒப்பிட்டு 1871இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். விடுதியைவிட வீட்டில் தாய்மார்கள் குறைவாகவே இறந்தார்கள் என்று அந்தக் கணக்கு காட்டியது. ஒரு பயிற்சித் திட்டத்தின் பயனை அதில் தேறியவர்களின் எண்ணிக்கையால் அளக்காமல், அவர்கள் கைபட்டவர்களின் உயிரால் அளக்கும் வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான தொடக்கம் கிடைக்காது.

மூன்று தொழில்களும் ஒருவர் வாழ்க்கையில் சந்தித்த வரலாறும் உண்டு. லிவர்பூலில் பிறந்த ரோசலிண்ட் பேஜட் செவிலியர். மருத்துவச்சியாகவும் தகுதி பெற்றவர். 1894இல் பயிற்சி பெற்ற மசாஜ் பணியாளர்களுக்கான சங்கத்தைத் தொடங்கிய நால்வரில் ஒருவர். அந்தச் சங்கமே பிற்பாடு பிரிட்டனின் இயன்முறை மருத்துவர் சங்கமாக வளர்ந்தது. அது பிறந்த சூழல் சற்றே விநோதமானது. மசாஜ் நிலையம் என்ற பெயர்ப்பலகைக்குப் பின்னால் லண்டனில் விபசாரம் நடப்பதாக அந்த ஆண்டு மருத்துவ இதழ் ஒன்று எழுதியது. நேர்மையாகத் தொழில் செய்த செவிலியர்கள் தங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொள்ளத் தேர்வும் சான்றிதழும் ஒழுங்கு விதிகளும் வகுத்தார்கள். மருத்துவர் சொல்லாமல் யாருக்கும் சிகிச்சை கூடாது என்பது அந்த விதிகளில் ஒன்று. மருத்துவச்சிகளுக்கு இங்கிலாந்தில் 1902இல் சட்டம் வந்தது; அதற்காகப் போராடியவர்களிலும் பேஜட் இருந்தார். மூன்று தொழில்களிலும் முதலில் வந்தது யார் செய்யலாம், யார் செய்யக்கூடாது என்ற வேலி. எப்படிச் செய்வது, செய்ததால் என்ன பலன் என்ற கேள்விகள் பின்னால்தான் வந்தன. மருத்துவர் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும் என்ற அந்தப் பழைய விதியின் நிழல் இன்றும் பிரசவ அறைகளில் விழுகிறது. அது எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்பதைப் பின்னால் வரும் ரத்தப்போக்குப் பகுதியில் காணலாம்.

இந்தியாவில் இந்த வரலாறு பெரும்பாலும் மருத்துவமனைகளை ஒட்டியே வளர்ந்தது. வேலூரில் மருத்துவர் ஐடா ஸ்கடர் 1909இல் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1946இல் அது பட்டப்படிப்புக் கல்லூரியாக உயர்ந்தது. சென்னை மாகாணத்தில் செவிலியர், மருத்துவச்சிகளைப் பதிவு செய்யும் சட்டம் 1926இல் வந்தது. இயன்முறை மருத்துவத்துக்கான முதல் பள்ளி, இளம்பிள்ளை வாதம் பரவிய காலத்துக்குப் பின், 1950களின் தொடக்கத்தில் மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு உருவானது.

இயன்முறை மருத்துவத்தில் கைப்பழக்கம் எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதே காலத்து வேலூர் நல்ல சான்று. தொழுநோயால் விரல்கள் மடங்கிப்போனவர்களுக்கு, அங்கே அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1940களின் இறுதியிலிருந்து தசைநாண் மாற்று அறுவை செய்துவந்தார். விரலை மடக்கும் நல்ல தசைநாண் ஒன்றை இடம் மாற்றி, செயலிழந்த சிறுதசைகளின் வேலையை அதற்குக் கொடுப்பது இந்த அறுவையின் சாரம். தையல் ஆறிவிட்டால் கை சரியாகிவிடும் என்று நினைத்தால் தவறு. இத்தனை ஆண்டுகள் ஒரு வேலை செய்த தசை இனி வேறு வேலை செய்ய வேண்டும். மூளைக்கு அது தெரியாது. அறுவைக்கு முன்பே அந்த ஒரு தசையைத் தனியாக இயக்க நோயாளிக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். மாவுக்கட்டு பிரித்ததும் பழைய அசைவை நினைத்துக்கொண்டே புதிய அசைவைச் செய்யவைக்க வேண்டும். இதற்குப் பல வாரம் பிடிக்கும். விரலில் உணர்ச்சியே இல்லாதவர் கண்ணால் பார்த்துத்தான் பழக முடியும். அறுவை எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் இந்தப் பழக்கம் பின்னால் இல்லாவிட்டால் பெரும்பாலும் வீண் என்பதை அந்த அனுபவம் காட்டியது. அருகிலுள்ள கரிகிரி தொழுநோய் ஆய்வு மையம் இதற்கென்றே பணியாளர்களுக்குப் பயிற்சியளித்தது.

இனி, பயிற்சி பலன் தருகிறதா என்று அளந்து பார்த்த ஆய்வுகள். இவற்றில் மிகத் தெளிவானது டான்சானியாவின் வட பகுதியில், ஹைடம் என்ற ஊரின் லூத்தரன் மருத்துவமனையில் நடந்தது. பிறந்ததும் மூச்சுவிடாத குழந்தையைக் காப்பாற்றுவதற்கென 2010இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் ஒரு எளிய பாடத்திட்டத்தை வெளியிட்டது. குழந்தையைத் துடைத்து உலர்த்து, முதுகை நீவித் தூண்டு, அப்படியும் மூச்சு வராவிட்டால் முதல் ஒரு நிமிடத்துக்குள் முகமூடி வைத்துக் காற்றுப்பையை அழுத்து என்பதே அதன் சுருக்கம். ஹைடத்தில் பிரசவம் பார்ப்பவர்களுக்கு ஒருநாள் பயிற்சி அளித்தார்கள். ஏழு மாதம் கழித்துப் பொம்மைக் குழந்தையை வைத்துச் சோதித்தபோது, மூச்சு மீட்கும் பயிற்சியில் தேறியவர்கள் 18 விழுக்காட்டிலிருந்து 74 விழுக்காடாக உயர்ந்திருந்தார்கள். பயிற்சி அறிக்கை அத்தோடு முடிந்திருந்தால் பெரிய வெற்றி என்றே அச்சிட்டிருப்பார்கள். ஆனால் அந்த ஆய்வாளர்கள் உண்மையான பிரசவ அறைக்குள்ளும் ஆள் வைத்துப் பார்த்தார்கள். காற்றுப்பை வைக்கப்பட்ட குழந்தைகளின் எண்ணிக்கை மாறவே இல்லை. முதுகை நீவித் தூண்டுவதோ முன்னைவிடக் குறைந்திருந்தது. பொம்மைக்குச் செய்யத் தெரிந்த கை, குழந்தைக்குச் செய்யவில்லை.

பிறகு பாடத்தை மாற்றாமல், பழகும் முறையை மட்டும் மாற்றினார்கள். பயிற்சிப் பொம்மையைப் பிரசவ அறைக்குப் பக்கத்திலேயே வைத்தார்கள். பணிக்கு வருகிறவர் வாரம் ஒருமுறை மூன்று முதல் ஐந்து நிமிடம் அதில் பழக வேண்டும். மாதம் ஒருமுறை சற்று நீண்ட பயிற்சி. உள்ளே தண்ணீர் நிரப்பினால் பிறந்த குழந்தையின் கனம் வந்துவிடும் பொம்மை அது. மோவாயைச் சற்று உயர்த்திப் பிடித்தாலும், முகமூடி கன்னத்தோடு ஒட்டாமல் காற்று கசிந்தால் மார்பு எழாது. சரியாக ஒட்டினால் எழும். மார்பு எழுகிறதா என்ற ஒரே சாட்சியை வைத்துக்கொண்டு விரல்கள் தாமாகவே இடம் கண்டுபிடிக்கும்வரை செய்துகொண்டே இருப்பதுதான் அந்த ஐந்து நிமிடம். கச்சேரி இல்லாத நாளிலும் வித்வான் விடாமல் செய்யும் சாதகத்துக்கு இணையான வேலை. இந்த முறை வந்த பிறகு பிறந்த 24 மணி நேரத்துக்குள் இறக்கும் குழந்தைகளின் விகிதம் ஆயிரத்துக்கு 11.1இலிருந்து 7.2 ஆகக் குறைந்தது. ஆளும் பொம்மையும் கற்பித்த பாடமும் பழையவைதான். பயிற்சிக்கு வெளியூர் போகாமல் பணியிடத்திலேயே, கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி பழகியது ஒன்றுதான் புதிது.

அப்படியானால் பணியிடத்திலேயே ஆளை நிறுத்திக் கைப்பிடித்துச் சொல்லிக்கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? உத்தரப் பிரதேசத்தில் 24 மாவட்டங்களின் 120 மருத்துவ நிலையங்களில் நடந்த ‘பெட்டர்பர்த்’ ஆய்வு இந்தக் கேள்விக்குப் பதில் தேடியது. உலக சுகாதார நிறுவனத்தின் பாதுகாப்பான பிரசவச் சரிபார்ப்புப் பட்டியலை வைத்துக்கொண்டு, பயிற்றுநர்களான செவிலியர்கள் எட்டு மாதம் பிரசவ அறைக்கு வந்துபோனார்கள். தொடக்கத்தில் அடிக்கடி, போகப்போக இடைவெளி விட்டு. ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட பிரசவங்கள் கணக்கில் வந்தன. பயிற்றுநர் வந்துபோன நிலையங்களில், தொடங்கி இரண்டு மாதத்தில், செய்ய வேண்டியவற்றில் சராசரியாக 72.8 விழுக்காடு செய்யப்பட்டது. மற்ற நிலையங்களில் 41.7. பயிற்றுநர் வருவது நின்ற சில மாதங்களில் அது 61.7 ஆக இறங்கியது. தாய் சேய் மரணம், தாய்க்குக் கடும் சிக்கல் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்த விகிதமோ இரு பக்கமும் ஏறத்தாழ ஒன்றே: 15.1 விழுக்காடு, 15.3 விழுக்காடு. 2017இல் வெளியான இந்த முடிவு பலரையும் சோர்வடையச் செய்தது.

சோர்வடையத் தேவையில்லை, ஆனால் உள்ளே நுழைந்து பார்க்க வேண்டும். கை கழுவுவது, பிரசவம் ஆனதும் ஆக்சிடோசின் ஊசி போடுவது, குழந்தையைத் தாயின் நெஞ்சோடு அணைத்து வைப்பது எல்லாம் தேவையானவையே. ஆனால் குழந்தை திரும்பாமல் சிக்கிக்கொண்டால் அறுவை அரங்கு வேண்டும், ரத்தம் வேண்டும், இவற்றுக்கு அனுப்ப வண்டி வேண்டும். அன்றாட ஒழுங்கை உயர்த்தும் பட்டியல் ஒன்று, சிக்கல் வந்தபின் தேவைப்படும் திறமைக்கும் வசதிக்கும் ஈடாக முடியாது. செய்யத்தக்கவற்றில் பத்தில் ஏழு செய்தாலும், ஓர் உயிர் தொங்கிக்கொண்டிருப்பது விட்டுப்போன மூன்றில் ஒன்றின் மீதாக இருக்கலாம். தமிழ்நாட்டின் அனுபவம் இதற்கு மறுபக்கம். ஆரம்ப சுகாதார நிலையங்களில் முறைவைத்துப் பணியாற்ற மூன்று செவிலியர்களை அமர்த்தி 24 மணி நேரமும் பிரசவம் பார்க்கவைத்தது, சிக்கலானவர்களை ஏற்க சீமாங் மையங்களை உருவாக்கியது, 108 வண்டி, ஒவ்வொரு தாயின் மரணத்தையும் தனித்தனியே ஆராய்வது எல்லாம் சேர்ந்துதான் 2018-20 கணக்கில் லட்சம் பிறப்புக்கு 54 தாய் மரணம் என்ற நிலைக்கு மாநிலம் வந்தது. அதே கணக்கில் இந்தியாவின் சராசரி 97. இதில் பயிற்சியின் பங்கு இவ்வளவு என்று தனியே பிரித்துச் சொல்ல இயலாது. பயிற்சி மட்டும் போதாது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம்.

பயிற்சியும் கருவியும் அதிகாரமும் ஒன்றாகச் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதைப் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கில் பார்க்கலாம். உலகெங்கும் தாய்மார்களைக் கொல்வதில் இதுவே முன்னணியில் இருக்கிறது. இதில் முதல் தடை கண். பிரசவக் கட்டிலில் ரத்தம் துணியில் ஊறும், பனிக்குட நீரோடு கலக்கும், வாளியில் சொட்டும், தரையில் வழியும். பார்த்து மதிப்பிடுவதில் அனுபவசாலிகளும் தவறுகிறார்கள்; பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். கர்நாடகத்தின் பெல்காமில் நடந்த ஒரு சோதனையில், கண்மதிப்பீடு உண்மையான அளவைவிட 33 விழுக்காடு குறைவாக இருந்தது. அந்தச் சோதனையில் பயன்பட்டது எளிய பொருள்தான்: தாயின் இடுப்புக்குக் கீழே விரித்து இடுப்பைச் சுற்றிக் கட்டும் பிளாஸ்டிக் விரிப்பு, நடுவில் கூம்புபோலத் தொங்கும் பை, பையின் மீது மில்லிலிட்டர் கோடுகள். ரத்தம் வேறெங்கும் போகாது. கோட்டைப் பார்த்தால் அளவு தெரியும். பெல்காமின் கிராமங்களில் துணைச் செவிலியர்கள் பார்த்த பிரசவங்களிலும் இதே விரிப்பை வைத்து மிசோபிரோஸ்டால் மாத்திரையை ஆராய்ந்தார்கள். மாத்திரை தரப்பட்ட தாய்மார்களில் மிகை ரத்தப்போக்கு 12 விழுக்காட்டிலிருந்து 6.4 ஆகக் குறைந்ததாக 2006இல் முடிவு வந்தது. மருத்துவர் இல்லாத இடத்தில் துணைச் செவிலியரின் கை செய்த வேலை அது.

அளவு தெரிந்துவிட்டால் அடுத்த தடை தயக்கம். பொதுவான நடைமுறை ஒவ்வொன்றாகச் செய்துபார்த்துக் காத்திருப்பது: கருப்பையை நீவிப் பார்ப்பது, நிற்காவிட்டால் ஊசி, அதற்கும் நிற்காவிட்டால் மருத்துவரை அழைத்து அவர் சொன்னபின் அடுத்தது. ரத்தம் அதுவரை காத்திருக்காது. ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்தான டிரானெக்சாமிக் அமிலம் மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் உயிர் காக்கும் என்பதை 2017இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு காட்டியிருந்தது. கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, டான்சானியா நாடுகளில் 80 மருத்துவமனைகளில் நடந்த ‘ஈ-மோட்டிவ்’ ஆய்வு இந்த வரிசையை உடைத்தது. எல்லாப் பிரசவத்திலும் அளவுக்கோடு போட்ட விரிப்பு. கோடு எல்லையைத் தாண்டியதும் நீவுதல், ஆக்சிடோசின், டிரானெக்சாமிக் அமிலம், டிரிப், எங்கிருந்து ரத்தம் வருகிறது என்று பார்ப்பது எல்லாம் ஒரே தொகுப்பாக, யாரையும் கேட்டுக்கொண்டிராமல், அங்கே நிற்கிற மருத்துவச்சி அல்லது செவிலியரே தொடங்க வேண்டும். மருந்தெல்லாம் ஒரே பெட்டியில் கைக்கெட்டும் இடத்தில். ஒவ்வொரு மருத்துவமனையிலும் இதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்ட ஒருவர். மாதந்தோறும் அவர்களுடைய எண்ணிக்கையே அவர்களுக்குக் காட்டப்பட்டது.

2023இல் வந்த முடிவு: ரத்தப்போக்கைச் சரியாகக் கண்டுபிடித்தது 93.1 விழுக்காடு, பழைய முறையில் 51.1. முழுத் தொகுப்பும் செய்யப்பட்டது 91.2 விழுக்காடு, பழைய முறையில் 19.4. ஒரு லிட்டரோ அதற்கு மேலோ ரத்தப்போக்கு, ரத்தத்தை நிறுத்த வயிற்றைத் திறந்து அறுவை, ரத்தப்போக்கால் மரணம் ஆகியவற்றின் கூட்டு விகிதம் 4.3 விழுக்காட்டிலிருந்து 1.6 ஆகியது. இந்தத் தொகுப்பில் புதிய மருந்து ஒன்றுகூட இல்லை. நீவுவதும் ஊசி போடுவதும் அந்தப் பணியாளர்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை. கண்ணுக்கு ஓர் அளவுகோலும், கைக்குச் சிறு பழக்கமும், யாரும் சொல்லாமலே தொடங்கலாம் என்ற அனுமதியும் சேர்க்கப்பட்டன. இந்த மூன்றில் மூன்றாவதுதான் பயிற்சித் திட்டங்களில் வழக்கமாக விட்டுப்போவது. பயிற்சி தருகிறவருக்கு அந்த அனுமதியைத் தரும் அதிகாரம் பெரும்பாலும் இருப்பதில்லை. கற்றுக்கொடுத்ததைச் செய்தால் நாளை விளக்கக் கடிதம் எழுத வேண்டிவரும் என்ற பயம் இருக்கும்வரை, இரவு டியூட்டியில் தனியாக நிற்கும் செவிலியர் முதலில் தொலைபேசியைத்தான் எடுப்பார்.

இயன்முறை மருத்துவத்தின் சிக்கல் வேறு வகை. பிரசவ அறையில் என்ன செய்ய வேண்டும் என்பது பெரும்பாலும் தீர்மானமான விஷயம். இங்கே எதை, எவ்வளவு, எப்போது செய்வது என்பதே இன்னும் சோதனையில் இருக்கிறது. பக்கவாதம் வந்தவரை எவ்வளவு சீக்கிரம் எழுப்புகிறோமோ அவ்வளவு நல்லது என்பது வெகுகாலம் நம்பப்பட்டது, நியாயமாகவும் பட்டது. 2015இல் வெளியான ‘அவெர்ட்’ ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் தீவிரமாக எழுப்பி நடமாடவைக்கப்பட்டவர்களில் 46 விழுக்காட்டினரே மூன்று மாதத்தில் நல்ல நிலையில் இருந்தார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 50 விழுக்காடு. இந்தியாவின் 14 மருத்துவமனைகளில் 1,250 நோயாளிகளோடு நடந்த ‘அட்டெண்ட்’ ஆய்வு இன்னொரு நம்பிக்கையைச் சோதித்தது. இயன்முறை மருத்துவர்கள் போதாத நாட்டில், குடும்பத்தில் ஒருவருக்குப் பயிற்சி கொடுத்து வீட்டிலேயே செய்யவைத்தால் என்ன? ஆறு மாதத்தில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்திருப்பவர்களும், குடும்பப் பயிற்சி சேர்ந்த பக்கமும் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற பக்கமும், 47 விழுக்காடு. மருமகளுக்கோ மகனுக்கோ சில நாளில் சொல்லிக்கொடுத்த பயிற்சி, வழக்கமான சிகிச்சைக்கு மேல் பலன் எதையும் கூட்டவில்லை. இது குடும்பத்தைக் குறைசொல்லும் முடிவல்ல. பயிற்சியின் அளவு போதுமா, யாருக்கு, எந்தக் கட்டத்தில் என்ற கேள்விகளை அது எழுப்பியது. ஆனால் ஆள் பற்றாக்குறைக்கு மலிவான மாற்றாகக் குறுகிய பயிற்சியை முன்வைப்பவர்கள் அவசியம் படிக்க வேண்டிய ஆய்வு.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தேர்ந்த கையையே வீட்டுக்கு அனுப்பும் வழியைத் தேர்ந்துகொண்டது. இயன்முறை மருத்துவரும் நோய்த்தணிப்புச் செவிலியரும் வீட்டுக்கே போகிறார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் மருத்துவமனைப் பாடம் பாதி உதவாது. கட்டில் இருக்காது, பாய்தான் இருக்கும். எழுந்து நிற்கப் பிடிமானம் தேடினால் ஜன்னல் கம்பி. கழிப்பறை வாசலுக்கு வெளியே இரண்டு படி இறங்க வேண்டும். தரையிலிருந்து எழுவதும் சம்மணமிட்டு உட்காருவதும் இங்கே அன்றாட அசைவுகள். நாற்காலியிலிருந்து எழுவதை மையமாக வைத்த பாடநூல் மட்டும் படித்துவந்த பட்டதாரி, முதல் வாரத்திலேயே தடுமாறுவார். பட்டப்படிப்புக்குள் வீட்டுப் பணிக்கென ஒரு காலப்பகுதி தேவைப்படுவது இதனால்தான். பயிற்சியின் அளவையும் பலனையும், அதாவது வாரம் எத்தனை முறை, எத்தனை வாரம், எந்த அசைவு எந்த நிலைக்கு வந்தது என்பதைப் பதிவு செய்யாவிட்டால், ஆயிரக்கணக்கான வீட்டு வருகைகளிலிருந்து எதுவும் கற்றுக்கொள்ள முடியாது. ‘பயனாளி’ என்ற எண் மட்டும் மிஞ்சும்.

சட்டமும் நிர்வாகமும் இந்தத் திசையில் நகரத் தொடங்கியிருக்கின்றன. இயன்முறை மருத்துவத்தையும் பிற துணை மருத்துவத் தொழில்களையும் உள்ளடக்கிய தேசிய ஆணையச் சட்டம் 2021இல் வந்தது. 1947ஆம் ஆண்டின் செவிலியர் மன்றச் சட்டத்துக்குப் பதிலாகத் தேசிய செவிலியர், பேறுகாலப் பணி ஆணையச் சட்டம் 2023இல் நிறைவேறியது. பதிவேடு, பாடத்திட்டம், தேர்வு ஆகியவற்றை இவை ஒழுங்குபடுத்தும். ஆனால் பாடத்திட்டம் கேட்பது எண்ணிக்கை: இத்தனை பிரசவம் பார்த்திருக்க வேண்டும், இத்தனை பரிசோதனை செய்திருக்க வேண்டும். ஒரு பிரசவத்தைச் சுற்றி ஆறு மாணவியர் நின்று பார்த்துவிட்டு, ஆறு பதிவேட்டிலும் ஒரே பிரசவத்தை எழுதிக்கொள்வது கல்லூரிகள் பெருகிய இடங்களில் புதிதல்ல. எண்ணிக்கை நிறையும்; கை பழகாது. பொம்மை வைத்த திறன் ஆய்வகம் இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டும். ஆனால் ஆய்வகம் பூட்டியே கிடந்தாலோ, ஆய்வுக்குழு வரும் நாளில் மட்டும் திறக்கப்பட்டாலோ, அதுவும் பதிவேடுபோல ஒரு சடங்காகிவிடும்.

ஆசிரியர் நிலையும் இதோடு பின்னியது. பல கல்லூரிகளில் பாடம் நடத்துகிறவர் வார்டில் வேலை செய்து பல ஆண்டுகளாகியிருக்கும். வார்டில் இருப்பவருக்குக் கற்பிக்கும் பொறுப்பு கிடையாது. மாணவி வகுப்பில் ஒரு முறையைக் கற்றுக்கொண்டு வார்டுக்குப் போனால், ‘புத்தகத்துல அப்படித்தான் இருக்கும், இங்க இப்படித்தான்’ என்ற ஒரே வாக்கியத்தில் மூத்த செவிலியர் அதை அழித்துவிடுவார். அவர் சொல்வதில் பல சமயம் நியாயமும் இருக்கும். நாற்பது நோயாளிக்கு இருவர் என்ற வார்டில் புத்தகம் சொன்னபடி செய்ய நேரம் எங்கே? வேலூர் செவிலியர் கல்லூரியில் ஆசிரியர்களே வார்டுப் பொறுப்பையும் ஏற்கும் முறை இருக்கிறது. கற்பிப்பவரும் செய்பவரும் ஒருவரே என்றால் அந்த வாக்கியத்துக்கு இடமில்லாமல் போகிறது. கற்பிப்பது செய்ய முடியாததாக இருந்தால், அது முதலில் அவருக்கே தெரிந்துவிடும்.

ஆள் எண்ணிக்கையைத் தொடாமல் பயிற்சியைப் பேசுவது பாதிப் பேச்சு. ஒன்பது ஐரோப்பிய நாடுகளின் மருத்துவமனைகளில் செவிலிய ஆய்வாளர் லிண்டா எய்க்கன் குழுவினர் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், அறுவை நோயாளிகளைப் பொறுத்தவரை ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடுதலாக வந்தால் 30 நாளுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 விழுக்காடு ஏறியது. பட்டம் பெற்ற செவிலியர்களின் பங்கு பத்து விழுக்காடு உயர்ந்தால் அதே வாய்ப்பு 7 விழுக்காடு இறங்கியது. எண்ணிக்கையும் படிப்பும் இரண்டுமே உயிரோடு தொடர்புடையவை. ஒன்றைக் காட்டி மற்றதைத் தள்ளிப்போடும் நிர்வாகத்துக்கு இந்த ஆய்வு இடம் தரவில்லை. பணியிடத்திலேயே பயிற்சி என்பதற்கும் ஆள் கணக்கு உண்டு. ஹைடத்தின் வாரம் ஐந்து நிமிடம் சிறியதாகத் தோன்றலாம். அந்த ஐந்து நிமிடம் பிரசவ அறையை இன்னொருவர் பார்த்துக்கொண்டால்தான் கிடைக்கும்.

2018இல் இந்திய அரசு வெளியிட்ட பேறுகாலப் பணி வழிகாட்டுதல், செவிலியர்களிலிருந்து தேர்ந்தெடுத்துப் பதினெட்டு மாதம் தனிப்பயிற்சி தந்து, இயல்பான பிரசவங்களைத் தாமே பொறுப்பேற்று நடத்தும் தகுதியோடு ஒரு புதிய பிரிவினரை உருவாக்க வழிவகுத்தது. அவர்கள் நடத்தும் தனிப் பிரசவப் பிரிவுகள், பிரசவம் மிகுந்த மருத்துவமனைகளை ஒட்டியே அமைய வேண்டும் என்றும் அது சொன்னது. சிக்கல் வந்தால் மருத்துவரும் அறுவை அரங்கும் பக்கத்திலேயே இருக்கும். அவசியமில்லாத அறுவைப் பிரசவங்கள் பெருகியிருக்கும் காலத்தில் இந்தப் பிரிவினருக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. தெலங்கானா இந்த வழியில் முன்னதாக அடியெடுத்து வைத்த மாநிலங்களில் ஒன்று. பதினெட்டு மாதம் முடித்து வருகிறவரைப் பொது வார்டின் சுழற்சிப் பணிக்கோ தடுப்பூசி முகாமுக்கோ அனுப்பினால், பழகிய கை ஓராண்டில் பழக்கம் விட்டுப்போகும். பணி நியமன ஆணையில் பிரசவப் பிரிவு என்று பெயர் குறித்து, குறைந்தது சில ஆண்டுகளுக்கு அங்கிருந்து மாற்றக்கூடாது என்ற விதியையும், அவராகவே தொடங்கத்தக்க சிகிச்சைகளின் பட்டியலையும் எழுத்தில் சேர்ப்பது மாநில சுகாதாரத் துறைகளின் கையில் உள்ள வேலை.